என் அக்காவுக்குப் பத்து வெள்ளி வரி

போன வியாழக்கிழமை பிற்பகல், ஈப்போ டவுனில் ஒரு சின்ன ஹோட்டல். பழைய கடை வீடு ஒன்றைப் புதுப்பித்துக் கட்டியது. அதன் கவுண்டரில் வைத்து என் கூடப் பிறந்த அக்காவுக்குச் சுற்றுலா வரி போட்டார்கள்.

போட்டவர்கள் மேல் தப்பே இல்லை. அக்காவின் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்கினால் அறைக்கு ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட், கட்ட வேண்டும் என்பது சட்டம். அந்தச் சட்டத்துக்குக் கைதட்டியவளே நான்தான்...

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். சில மாதங்களுக்கு முன்னால் புலம்பித் தீர்த்திருந்தேன். சனி, ஞாயிறில் ஈப்போவில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைக் காப்பிக்கு வரிசை, சுவரில் வரைந்த படத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்க வரிசை, கழிப்பறைக்கும் வரிசை. வருகிறவர்கள் குப்பையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், கூட்டுகிறவர்கள் நாம். கட்டட்டுமே, பத்து வெள்ளியில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று வீராப்பாக எழுதியிருந்தேன். நிறையப் பேர் போன் பண்ணிப் பாராட்டினீர்கள்.

'வருகிறவர்கள்' என்று எழுதியபோது என் கண்முன் நின்றது யாரோ ஒருவர். பெரிய தொப்பி, கழுத்தில் கேமரா, கையில் ஐஸ் காப்பி. அஞ்சலை அக்கா இல்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டில் பிறந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்துக்குள்தான் மெர்டேக்கா வந்தது. நான் சுதந்திர நாட்டில் பிறந்தேன். பிறந்த கையோடு சூராட், அதாவது பிறந்த பத்திரம், எழுதினார்கள், குடியுரிமை தானாக வந்தது. அக்கா முன்னால் பிறந்தவள். அவளுக்கு நாங்கள்தான் விண்ணப்பித்து வாங்க வேண்டும். வாங்குவதற்குப் பிறந்த பத்திரம் வேண்டும். அவள் பிறந்ததை யாரும் போய் எழுதி வைக்கவில்லை.

அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பர்மிட் வேண்டும் என்ற காலம் வந்தபோது, அவருக்குக் கிடைக்கவில்லை. அக்காவுக்குப் பேப்பரே இல்லை. அப்பாவும் அக்காவும் முதலில் ஊருக்குப் போவது, அங்கே ஒரு வீடு பார்த்துவிட்டு அம்மாவையும் என்னையும் கூப்பிடுவது — இதுதான் ஏற்பாடு. அங்கே போன இரண்டாம் வருஷமே அப்பா இறந்துவிட்டார். கூப்பிட ஆள் இல்லை. போக எங்களிடமும் வசதி இல்லை. அம்மா இங்கேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். அக்கா அங்கேயே கல்யாணம் முடித்து, அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்ந்துவிட்டாள்.

போகும்போது அவளுக்குப் பதினாறு வயது. எனக்குப் பதினொன்று.

அதன் பிறகு கடிதம், அப்புறம் போன், இப்போது வாட்ஸாப். நடுவில் இரண்டு தடவை நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் மட்டும் வரவே இல்லை. அம்மா இறந்தபோதுகூட அவளிடம் பாஸ்போர்ட் கிடையாது. இப்போது இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதும், அவள் மகன் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து டிக்கெட்டும் போட்டுவிட்டான். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, எழுபத்தொரு வயதில், கையில் ஒரு கட்டைப் பையோடு அக்கா வந்து இறங்கினாள்.

வந்தவளை ஹோட்டலிலா தங்க வைப்பது? நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் செய்து ஒரு வருஷம்தான் ஆகிறது. முதல் மாடி ஏறுவதற்குள் அவள் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்துவிட்டு நானே நிறுத்திவிட்டேன். என் வீட்டுக் கதவைக்கூட அவளால் தொட முடியவில்லை. அந்த வருத்தத்தோடுதான் இரண்டு கட்டில் போட்ட அறை ஒன்றை மூன்று நாளைக்கு எடுத்தேன். நானும் அவளோடு தங்குவதாக ஏற்பாடு.

கவுண்டரில் இருந்தது தர்ஷினி என்ற பெண். இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல சிரித்த முகம்.

"ஆன்ட்டி, ஐசி குடுங்க. அவங்களோடதும்."

என் அடையாள அட்டையையும் அக்காவின் பாஸ்போர்ட்டையும் வைத்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கீபோர்டில் இருந்த விரல் நின்றது.

"இவங்க இந்தியாவா? அப்ப டூரிசம் டேக்ஸ் இருக்கு ஆன்ட்டி. ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி, மூணு நாளைக்கு."

எனக்குச் சுரீரென்றது. நான் எழுதிய வரி. நான் 'கட்டட்டுமே' என்ற வரி.

"இவங்க இங்கதாம்மா பொறந்தாங்க. லகாட் பக்கம். எனக்குச் சொந்த அக்கா."

"புரியுது ஆன்ட்டி. ஆனா சிஸ்டம் எந்த நாட்டு ஆளுன்னு மட்டும்தான் கேக்கும் லா."

"பொறந்த எடம்னு பாஸ்போர்ட்லயே போட்டிருக்கும். அதையாவது பாரும்மா."

அவள் பார்த்தாள். பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள். பிறந்த இடம் என்ற இடத்தில் 'அறந்தாங்கி' என்று இருந்தது.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"பொறந்த சீட்டு கேட்டாங்கடி. நான் எங்க போவேன்? வீட்டுக்காரரு ஊரையே போட்டுக்கங்கன்னான் எழுதிக் குடுத்தவன். சரின்னுட்டேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

தர்ஷினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, ஒண்ணு செய்யலாம். ரூம உங்க பேர்ல மட்டும் போட்டுடுறேன். உங்க ஐசி போதும். அவங்க பேர எழுத வேணாம். அப்ப டேக்ஸ் வராது."

பாவம், அன்பாகத்தான் சொன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்து மனசு கேட்கவில்லை. நானும் ஒரு நொடி தலையாட்டத் தயாரானேன். முப்பது வெள்ளிக்காக இல்லை. அக்காவுக்குப் பக்கத்தில் 'வெளிநாட்டவர்' என்ற சொல் வராமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

"அதெல்லாம் வேணாம்மா" என்றாள் அக்கா.

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"இந்தக் காசு யாருக்குப் போவுது? உங்க மொதலாளிக்கா?"

"இல்ல ஆன்ட்டி. கவர்மெண்டுக்கு."

"காசு போறப்ப என் பேரும் கூடப் போவுமா?"

தர்ஷினிக்குக் கேள்வி புரியவில்லை. "சிஸ்டத்துல இருக்கும் ஆன்ட்டி. பேரு, பாஸ்போர்ட் நம்பர், எந்தெந்த நாள் தங்கினீங்க... எல்லாம்."

"அப்ப எழுதும்மா. நல்லா எழுதும்மா. அஞ்சலை." கைப்பையைத் திறந்து, மகன் மாற்றிக் கொடுத்திருந்த மலேசிய நோட்டுகளிலிருந்து மூன்று சிவப்பு நோட்டை எடுத்தாள். "இந்த ஊரு கவர்மெண்டு பொஸ்தகத்துல என் பேரு ஏறினதே இல்ல. பொறந்தப்ப எழுதல. பதினாறு வயசு வரைக்கும் எழுதல. கப்பல் ஏறினப்பதான் எழுதுனாங்க, போறவங்க லிஸ்ட்ல. வந்தேன்னும் ஒரு எடத்துல இருக்கட்டுமே."

அவள் குரலில் கோபம் இல்லை. மார்க்கெட்டில் கொத்தமல்லி கேட்பது போல்தான் கேட்டாள். அதனால்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய ஈப்போ படங்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

தர்ஷினி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். ஒரு முறை சரிபார்த்தாள். ரசீதை எடுத்து, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தாள். "சரியா இருக்கான்னு பாத்துக்குங்க பாட்டி" என்றாள். ஆன்ட்டி எப்போது பாட்டி ஆனாள் என்று நான் கவனிக்கவில்லை.

அக்கா ரசீதைத் தூரமாகப் பிடித்து வாசித்தாள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவள். என்ன வாசித்தாளோ... மடித்து வைத்துக்கொண்டாள்.

அறைக்குப் போனதும் நான் ஆரம்பித்தேன். "நாளைக்கு தோட்டத்துக்குப் போலாமா அக்கா? லயம் இல்ல, பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. ஆனா எடம் காட்டுறேன்."

"அங்க என்னடி இருக்கு? அட்டையும் கொசுவும். பதினாறு வருஷம் பாத்தது போதும்." காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஈப்போவக் காட்டு. நான் ஈப்போவப் பாத்ததே இல்ல."

யோசித்துப் பார்த்தால் உண்மை. தீபாவளிக்குத் துணி எடுக்க அப்பா மட்டும்தான் டவுனுக்குப் போவார். பிள்ளைகளுக்குத் தோட்டம்தான் உலகம். பிறந்த ஊர் என்று நான் வாதாடிக்கொண்டிருந்த ஊரில், அக்கா இதுவரை ஒரு காப்பி குடித்ததில்லை.

"அப்ப நீ நெசமாவே டூரிஸ்ட்தான்" என்றேன்.

"அதான் காசு கட்டிட்டேனே. சுத்திக் காட்டு."

மறுநாள் காலையில் சுற்றினோம். என் பழைய காரின் கதவு அக்காவின் முட்டிக்கு ஒத்துழைக்கவில்லை, ஆனாலும் சுற்றினோம். வெள்ளைக் காப்பியைக் குடித்துவிட்டு, "பாலு கெட்டியா இருக்கு, காப்பிய எங்க?" என்றாள். சுவர்ப் படத்துக்கு முன்னால் நின்று என்னைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். நான் கிண்டல் செய்து எழுதிய அதே வரிசையில், அக்காவின் கட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் நின்றேன்.

பிறகு ஒரு குகைக்குப் போனோம். சுண்ணாம்புக் குன்றைக் குடைந்து, விளக்கு போட்டு வைத்திருக்கிற இடம். டிக்கெட் பலகையைப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் சுரீரென்றது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இது மலேசியாவின் கண்டுபிடிப்பு இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பழைய கோட்டையைப் பார்க்க அக்காவோடு போயிருந்தேன். அவளுக்கு இருபது ரூபாய் மாதிரி ஏதோ. எனக்கு அதைப்போல் பத்துப் பன்னிரண்டு மடங்கு. அக்கா அன்றைக்கு அந்தக் கவுண்டர்காரரிடம் சண்டைக்கு நின்றாள். "ஒரு வயித்துல பொறந்தோம் சார், ஒரே மாதிரி டிக்கெட்டக் குடுங்க" என்றாள். அவர் கொடுக்கவில்லை. "அப்ப நாங்க உள்ளயே வரல" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வாசலில் நுங்கு வாங்கித் தந்தாள். இன்றைக்கு அவளுக்காக நான் சண்டை போட வேண்டும். போடத்தான் போகிறேன் என்று கவுண்டருக்கு நடந்தேன்.

எனக்கு முன்னால் அக்கா போய் நின்றுவிட்டாள்.

உள்ளே ஒரு மலாய்க்காரர், அறுபதை நெருங்கியவர். "வார்கா நெகாரா?" என்று கேட்டார். குடிமக்களா என்று.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் வாயிலிருந்து மலாய் வந்தது. "தாக், பாங். தாப்பி சாயா லாஹிர் சினி." இல்லை அண்ணே, ஆனால் நான் இங்கே பிறந்தவள். தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அப்பா பால் வெட்டியதைச் சொன்னாள். ஐம்பத்தைந்து வருஷம் யாரோடும் பேசாத மலாய். எங்கே வைத்திருந்தாளோ. இன்றைக்கு யாரும் பயன்படுத்தாத பழைய சொற்கள் இரண்டு மூன்று அதில் கிடந்தன.

அவர் கையிலிருந்த பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க. அவங்க போனதுக்கப்புறம் இந்தப் பேச்ச நான் கேக்கல" என்று மலாயில் சொன்னார். "ஐசி இருக்கா?" என்று அக்காவைக் கேட்டார், கேட்க வேண்டுமே என்பதற்காக.

அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "தாடா." இல்லை என்று.

அவர் உள்ளூர் மூத்த குடிமகன் டிக்கெட்டாக இரண்டு கிழித்துக் கொடுத்தார். பலகையிலேயே குறைந்த விலை அதுதான். விதிப்படி அது தப்பு. எந்தக் குகை என்று தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.

குகைக்குள் குளிர்ச்சியாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்து மெதுவாக நடந்துகொண்டே அக்கா சொன்னாள். "நேத்து வெளிநாட்டுக்காரி. இன்னைக்கு உள்ளூர்க் கெழவி. நாளைக்கு என்னா ஆக்குவாங்களோ."

"உனக்கு எது புடிச்சிருக்கு?"

"ரெண்டும் அடுத்தவங்க பாத்துச் சொன்னதுதானேடி. இவரு நல்ல மனுஷன். அந்தப் புள்ளயும் நல்ல புள்ள." கல்லில் வடியும் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பதில் இறங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவளே கேட்டாள். "ரயில்வே ஸ்டேஷனுக்குப் போலாமா?"

ஈப்போவில் அவள் ஏற்கனவே பார்த்த ஒரே இடம் அது. அங்கிருந்துதான் பினாங்குக்கு ரயில் ஏறினார்கள், பினாங்கிலிருந்து கப்பல். வெள்ளை வெளேரென்ற அந்தக் கட்டடத்துக்கு முன்னாலும் டூரிஸ்ட் கூட்டம். எல்லோரையும் போல் அவளும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எனக்குள் ஒன்று ஐம்பத்தைந்து வருஷமாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. அங்கே உட்கார்ந்ததும் தானாக வந்துவிட்டது.

"அக்கா, நீ போன அன்னைக்கு நான் அழல."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பாய் முழுசும் எனக்குன்னு சந்தோஷமா இருந்துச்சு. உன் பச்சப் பாவாட எனக்குன்னு சந்தோஷமா இருந்துச்சு. அம்மா அழறாங்க, அப்பா அழறாரு, நான் பேசாம நிக்கறேன். ரயில் போனதுக்கப்புறமும் அழல. ஒரு வாரம் கழிச்சுத்தான் நீ வரமாட்டேன்னே புரிஞ்சுது."

அக்கா சிரித்தாள். "தெரியுமே. நான்தான் சன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேனே. நீ ஐஸ் உருண்ட தின்னுக்கிட்டு இருந்தே. செவப்புச் சாயம் மொகமெல்லாம்."

அது எனக்கு நினைவில் இல்லை. ஐஸ் உருண்டை... அப்படிச் சொன்னதும், கையில் குளிர்ந்தது மட்டும் லேசாக வந்து போனது.

"யாரு வாங்கிக் குடுத்தது? அப்பாவா?"

"அப்பாகிட்ட சொல்லி நான்தான் வாங்கிக் குடுக்கச் சொன்னேன். ரயிலு கெளம்பற நேரத்துக்குக் குடுங்கன்னு சொன்னேன்." சேலைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்தாள். "நீ அழுதேன்னா நான் எறங்கிருவேன்னு எனக்குத் தெரியும். எறங்கினா அப்பா தனியாப் போவணும். அவருக்கு அப்பவே இருமல். அதான், நீ தின்னு முடிக்கிறதுக்குள்ள வண்டி போயிடணும்னு சாமிய வேண்டிக்கிட்டே இருந்தேன்."

நான் அப்போதுதான் அழுதேன். ஐம்பத்தைந்து வருஷம் தாமதமாக, பட்டப்பகலில், டூரிஸ்டுகள் பார்க்க. ஒரு கொரியப் பெண் அருகில் வந்து டிஷ்யூ நீட்டினாள். அக்கா அதை வாங்கி என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இப்ப அழுதா பரவால்ல. நான் எங்கயும் ஏறல" என்றாள்.

ஞாயிறு அவளை கோலாலம்பூரில் விமானம் ஏற்றிவிட்டேன். வழியெல்லாம், என் வீட்டு நாலாவது மாடி எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சமையல் கட்டு எந்தப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், துணி எங்கே காயப்போடுவேன்... எல்லாம் சொன்னேன்.

இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோது, வரி பற்றி முன்னால் எழுதியதை மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லப் போவதில்லை. ஊருக்குச் செலவு இருக்கிறது. கூட்ட வேண்டும், கழுவ வேண்டும், விளக்கு எரிய வேண்டும். வாங்கட்டும். 'வருகிறவர்கள்' என்று அலட்சியமாக எழுதினேன் பாருங்கள், அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யார் எதற்காக வந்து கவுண்டரில் நிற்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நேற்று அக்கா போன் பண்ணினாள். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பேசினாள். "அடுத்த வருசம் திரும்ப வாரேன்டி. அதுக்குள்ள வரிய ஏத்திருவாங்களா?"

ஏற்றினால் ஏற்றட்டும். நீ வந்து சேர்.